கயல்விழியும் தூங்கிப்போன அணிலும்

டிவி திரையில் அணில் வாலைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. மெல்லிய குறட்டை வேறு. அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

திரைக்கு முன்னால் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை; ஒரு பக்கத்து ரிப்பன் மட்டும் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவள் வாசிக்க வேண்டிய வாக்கியம் பெரிய எழுத்தில் மின்னியது: 'பட்டம் பறந்தது. பாப்பா சிரித்தாள்.'

"ப... ப... ப..."

உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தேன் ஒழுக, "மறுபடியும் முயற்சி செய்வோமா?" என்றது.

பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். அணிலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். ஆனால் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

கயல்விழி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அவிழ்ந்த ரிப்பனை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். பள்ளி விடும்வரை சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

சாக்பீஸ் டப்பாவில் இண்டர்நெட்

அணில் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. திருவிடைமருதூரில் டவுன் பஸ் ஏறி, ஆலமர நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் மஞ்சள் சுவர் தெரியும். மூன்று பக்கமும் வயல். தலைமையாசிரியர் நான். இன்னொருவர் பர்வீன், ஆடுதுறையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். என் மகள் வயதுதான் இருக்கும். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அவளை ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்துக் கதவில் மாட்டிக்கொண்ட துப்பட்டாவைக் கத்தரித்துவிட்டு வகுப்புக்குப் போனவள் அவள்தான்.

பர்வீன் வருவதற்கு முன்பு எங்கள் பள்ளிக்கும் கணினிக்கும் இருந்த உறவு வேறு மாதிரியானது. வெகு காலத்துக்கு முன்பு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்து இறங்கியது. அன்றைய தலைமையாசிரியை அதன்மீது ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்தினார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் தவறாமல் நடந்தது. பிளக் பாயிண்ட் மட்டும் இல்லை. மின்சார வேலை முடிந்து ஒருவழியாகப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

என் கதையும் பெருமைப்படும்படி இல்லை. கும்பகோணத்தில் எங்களுக்கெல்லாம் கணினிப் பயிற்சி வைத்தார்கள். "மவுஸை மேலே கொண்டுபோங்க" என்றார் பயிற்சியாளர். நான் மவுஸைக் கையில் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து நாற்காலி டீச்சரும் தூக்கியிருந்ததால் அவமானம் பாதியாகக் குறைந்தது.

பிறகு எல்லாமே மளமளவென்று வந்தன. பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடு, கையில் டேப் என்று ஒரு பலகைக் கணினி, சுவரில் ஸ்மார்ட் டிவி. வராதது சிக்னல் ஒன்றுதான். அது மேற்கு ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பர்வீன் காலிச் சாக்பீஸ் டப்பா ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, அதில் தன் போனை நிறுத்தி, ஹாட்ஸ்பாட் போட்டு வைப்பாள். மழை வந்தால் டப்பாவுக்குப் பாலித்தீன் கவர். காலையில் முதல் மணிக்கு முன்பே யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், டப்பாவ மாட்டியாச்சா?" என்று கேட்டுவிடும்.

பர்வீன் வலைத்தளங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தாள். செயற்கைக்கோள் எடுத்த பூமிப் படத்தில் எங்கள் பள்ளியின் கூரையைக் காட்டினாள். பிள்ளைகள் வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். கூட்டல் கழித்தலுக்கு ஒரு ரயில், ஆங்கிலத்துக்கு ஒரு கிளி. வாசிப்புக்கு வந்ததுதான் அணில். பிள்ளை வாசிக்கும் ஒவ்வொரு சரியான சொல்லுக்கும் அது ஒரு கிளை ஏறும். உச்சியில் மாம்பழம். கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தூங்கிவிடும்.

மற்ற பிள்ளைகளுக்கு அந்த அணில் செய்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். எழுத்துக் கூட்டவே சோம்பல்படுகிறவர்கள், மாம்பழத்துக்காக வாக்கியம் வாக்கியமாகப் படித்தார்கள். ஒருநாள் வயலில் மயில் ஒன்று அகவியது. அணில் அதையும் சரியான சொல் என்று நினைத்து ஒரு கிளை ஏறிவிட்டது. வகுப்பு கைதட்டி மயிலைப் பாராட்டியது.

மயிலுக்கு ஏறிய அணில் கயல்விழிக்கு ஏறவில்லை.

வயிற்று வலி

இரண்டாவது நாளும் அவள் வராததால், பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போனேன். ஐப்பசி மழை விட்டு, தெருவெல்லாம் சேறு. வாசலில் அவள் அம்மா சுமதி எதிர்கொண்டாள். திருபுவனம் பட்டுக்காரர் ஒருவருக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பேசும்போதுகூட விரல்கள் இல்லாத நூலைத் தடவிக்கொண்டே இருந்தன.

"வாங்க டீச்சர். காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வயித்து வலிங்கிறா. பள்ளிக்கூடம் விடுற நேரமானா வலி போயிடுது."

கயல்விழி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன். சுமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இவ அப்பாவுக்கும் இப்படித்தாங்க. அஞ்சாவது படிக்கிறப்போ, எந்திரிச்சுப் படின்னா அவருக்கு வார்த்தை வராதாம். வாத்தியார் ஒருத்தர் அவரு மாதிரியே திக்கிப் பேசிக் காட்டுவாராம். ஒரு நாள் பைய எடுத்துக்கிட்டு வந்தவருதான், அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகல. இப்ப கதிர் அறுக்கிற மிஷின் ஓட்டுறாரு. அந்தச் சத்தத்துல யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க, அதான் எனக்குத் தோதுன்னு சொல்லுவாரு."

நூலைத் தடவிய விரல்கள் நின்றன.

"இவளும் அப்படி நின்னுருவாளோன்னு பயமா இருக்கு டீச்சர்."

தண்ணீரைக் கீழே வைத்தேன். கயலின் அப்பாவை அதுவரை நான் பார்த்ததில்லை. அறுவடை எங்கே நடக்கிறதோ அங்கே மிஷினோடு போய்விடுகிற மனிதர். அப்போது ஆந்திராப் பக்கம் இருந்தார். ஆனால் பையை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் வேகமாக நடக்கிற அந்தப் பத்து வயதுப் பையனை என்னால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

பீரோவைப் பார்த்துச் சொன்னேன்: "கயலு, நாளைக்கு அணில் வராது. நான் நிறுத்திடறேன்."

 பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ம... மத்தவங்களுக்கு வரட்டும் டீச்சர். அவங்களுக்குப் பிடிக்கும். எ... எனக்கு மட்டும் வேணாம்."

நானும் பர்வீனும் செய்த வேலைகள்

கயல்விழி மறுநாள் வந்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினாள்.

பர்வீன் அந்த அணிலின் மீது கடுங்கோபத்தில் இருந்தாள். தான் கொண்டுவந்த பொருளால் ஒரு பிள்ளை ஊமையாகிவிட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. தளத்தின் ஒவ்வொரு மூலையிலும் பொறுத்துக் கேட்கிற வசதி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தளத்துக்காரர்களுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினாள். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாய்ப்பாடு சொல்லும்போது கவனித்திருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து சொல்கையில் கயலின் குரல் தடையே இல்லாமல் ஓடும். அதனால் ஒரு நாள் மதியம் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, டேப்பை முன்னால் வைத்து, "வா, ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்றேன். படித்தோம். ஒரு தடங்கலும் இல்லை. அணில் தடதடவென்று ஏறி மாம்பழத்தைக் கடித்தது.

நான் வெற்றிப் புன்னகையோடு திரும்பிப் பார்த்தேன். கயல்விழி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"டீச்சர், அது உ... உங்க குரலுக்குத்தான் ஏறுது."

நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஏமாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் நான்காம் வகுப்பு எடுத்ததில்லை.

பர்வீன்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தாள். தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஹேமா என்ற இளம்பெண், வீடியோவிலும் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போக வேண்டுமென்றால் சுமதிக்கு ஒரு நாள் வேலை போய்விடும். வீடியோ என்றால் சாக்பீஸ் டப்பா போதும். சுமதியிடம் கேட்டோம். "நீங்க கூட இருந்தா சரிங்க" என்றாள். புதன்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு என்று முடிவாயிற்று.

புதன்கிழமை மதியம்

முதல் நாள் கயல்விழி டேப்புக்கு முன்னால் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹேமா அவளை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. சாம்பார் சாதத்தோடு முட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்று தலையசைத்தாள். "எனக்கு இன்னைக்கு வெறும் தயிர் சாதம்" என்று ஹேமா முகத்தைச் சுளித்தார்.

பிறகு சொன்னார்: "கயல், உன் பேச்சுல தப்பு ஒண்ணும் கிடையாது. சில வார்த்தைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குது, அவ்வளவுதான். அத எப்படிச் சுலபமாக்கலாம்னு நாம..."

அங்கே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது. ஹேமாவின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தது. பர்வீன் ஜன்னலுக்கு ஓடினாள். "நா... நா... நா..." என்று டேப் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

கயல்விழி முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். திடீரென்று சிரிப்பு பொங்கி வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

படம் மீண்டும் அசைந்ததும் ஹேமா பதறி, "கயல், போயிட்டியா? இருக்கியா?" என்றார்.

"இ... இருக்கேன் மேடம். உங்களுக்கு வா... வார்த்தை மாட்டிக்கிச்சு. அதான் கா... காத்துகிட்டு இருந்தேன்."

 "ரொம்ப நன்றிம்மா" என்றார் ஹேமா. மனதாரச் சொன்னார்.

அன்று கடைசியில் என்னிடம் தனியாகக் கேட்டார்: "டீச்சர், அவ திணறும்போது நீங்க வார்த்தைய முடிச்சுக் குடுப்பீங்களா?"

"ஆமாம்மா. பாக்கப் பாவமா இருக்குமே."

"குடுக்காதீங்க. அது அவளோட வார்த்தை. அவளே சொல்லட்டும். நீங்க காத்திருங்க. வகுப்பையும் காத்திருக்கச் சொல்லுங்க."

காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது நிமிஷப் பாடவேளையில், அறை முழுக்கக் கைகள் தூக்கியிருக்கும்போது, ஒரு பிள்ளை ஒரு சொல்லை மெல்ல வெளியே கொண்டுவரும்வரை சும்மா இருக்க வேண்டும். கிஷோர் என்று ஒரு வால் இருந்தான். யார் எதை ஆரம்பித்தாலும் அவன்தான் முடிப்பான். கயல் பேசத் தொடங்கினால், அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க உட்கார்ந்திருப்பான். அவள் முடித்ததும் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல மூச்சு விடுவான். அந்தப் பிள்ளையை நான் மனதுக்குள் பலமுறை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாரங்கள் போயின. திக்கல் போய்விடவில்லை. மூச்சை விட்டபடி மெதுவாகச் சொல்லைத் தொடங்க அவள் கற்றுக்கொண்டாள். சில நாள் அது கைகொடுத்தது, சில நாள் கொடுக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவுக்கு, "உ... உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது.

கொக்குக் கதை

பர்வீன் அடுத்து ஒரு வேலை செய்தாள். பிள்ளைகள் சொந்தமாகச் சொல்லும் கதைகளைப் பதிவுசெய்து ஒரு வலைப்பக்கத்தில் போடுவது. அதற்கு ஒரு கியூஆர் கோடு எடுத்துப் பள்ளி வாசலில் ஒட்டுவது. பெற்றோர் போனைக் காட்டினால் தங்கள் பிள்ளையின் குரலைக் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. எந்த மிருகமும் தூங்காது.

யாரும் எதிர்பார்க்கவில்லை, கயல்விழி கையைத் தூக்கினாள். டேப்பை வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

அப்பாவின் மிஷினுக்குப் பின்னாலேயே போகிற ஒரு கொக்கின் கதை அது. மிஷின் அறுத்துக்கொண்டே போகப் போக, பூச்சி கிளம்பும். கொக்குக்குக் கொண்டாட்டம். வயல் முடிந்ததும் மிஷின் லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுகிறது. கொக்கு லாரிக்குப் பின்னால் பறந்து, களைத்து, ஒரு பாலத்தின் மேல் உட்கார்ந்து யோசிக்கிறது. 'மிஷின் மறுபடியும் நம் ஊருக்குத்தானே வந்தாக வேண்டும்' என்று திரும்பி வந்துவிடுகிறது.

பர்வீன் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒரு மென்பொருளில் அந்தப் பதிவைச் சீர்செய்தாள். ஒவ்வொரு திக்கலையும் நறுக்கி எடுத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருந்தாள். அவ்வளவு பிரியத்தோடு செய்த வேலை. திங்கட்கிழமை காலையில் கயலின் காதில் இயர்போனை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயல் முழுவதும் கேட்டாள்.

"ந... நல்லா இருக்கு டீச்சர். ஆனா நான் நின்ன எ... எடமெல்லாம் எங்க?"

"அதெல்லாம் எடுத்துட்டேன்டா தங்கம். பாரு, எவ்வளவு அழகா பேசறே."

கயல்விழி இயர்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசையில் வைத்தாள்.

"இத அ... அப்பா கேட்டா, நான்னு தெ... தெரியாது டீச்சர்."

 பர்வீன் எழுந்துபோய், சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து பழைய பதிவை, அதன் எல்லா நிறுத்தங்களோடும், பின்னணியில் கத்திய காக்கையோடும், அப்படியே பக்கத்தில் ஏற்றினாள். அன்று மாலையே சுமதி அதை ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டாள்.

தை மாதத்தில் ஒருவர்

சம்பா அறுவடை தொடங்கி, மிஷின்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. ஒரு புதன்கிழமை மதியம் பள்ளி வாசலில் ஒருவர் நின்றார். சட்டைத் தோளெல்லாம் பதர் ஒட்டியிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினார். கயல்விழி சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்து, "எ... எங்கப்பா டீச்சர்" என்றாள்.

"வாங்க, வாங்க" என்று நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்மார்ட் டிவியைப் பார்த்தார். ஜன்னலில் தொங்கிய சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

நான் காத்திருந்தேன். பர்வீனும் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"அ... அந்தக் கதைய... ல... லாரியில போறப்பல்லாம் கேக்குறேன் டீச்சர்."

"எங்களுக்கும் ரொம்பப் பிடிச்ச கதைங்க."

அவர் தரையைப் பார்த்தார். இன்னும் ஏதோ இருந்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"எ... என்ன மாதிரி ஆளுங்க... பெ... பெரியவங்க... அந்த மேடத்துகிட்ட பே... பேசலாமா?"

என்னை முந்திக்கொண்டு கயல்விழி அவர் கையைப் பிடித்தாள். அறைக்குள் அழைத்துப்போய், தான் உட்காரும் குட்டி நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். முழங்கால் மார்புக்கு வந்துவிட்டது. டேப்பை அவர் முகத்துக்கு நேராகச் சரித்து வைத்தாள். ஹேமா திரையில் வந்ததும், "மேடம், இன்னைக்கு எ... எங்கப்பா வந்திருக்காங்க. அ... அவங்களும் பேசணுமாம்" என்றாள்.

"வணக்கம் சார்" என்றார் ஹேமா. "உங்க பேர் சொல்லுங்க."

திக்கிப் பேசுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர்தான் எல்லாவற்றிலும் கடினம் என்று பின்னால் ஹேமா எனக்குச் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. அவர் முகம் இறுகியதையும், கைகள் முழங்காலைப் பற்றிக்கொண்டதையும்தான் பார்த்தேன். கயல் அவர் தோளில் ஒட்டியிருந்த பதரை மெதுவாக எடுத்தாள்.

"அ... அவசரம் இல்லப்பா. மேடம் இ... இருப்பாங்க."

வெளியே பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம். யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். தொலைவில் ஏதோ ஒரு வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் நாங்கள் யாரும் அசையவில்லை. எங்களில் ஒருவரும் அவருக்காக அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"ரா... ரா..." மூச்சை விட்டார். மறுபடியும் இழுத்தார். மகளைப் பார்த்தார். "ரா... ராஜேந்திரன்."